மகப்பேறு விடுப்பில் ஆட்குறைப்புக் கடிதம் வந்தால்: பிரிட்டனில் வேலை செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

விடுப்பில் இருக்கும் பெண்ணுக்கு "உங்கள் பணியிடம் நீக்கப்படக்கூடும்" என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது. ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி, "எவ்வளவு பணம் கிடைக்கும்?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் சட்டம் இந்த நிலையில் தரும் மிக வலுவான உரிமை, நிறுவனத்தில் பொருத்தமான காலியிடம் இருந்தால் அதை மற்றவர்களுக்கு முன் உங்களுக்குத் தர வேண்டும் என்பது. வேலையின் கடைசி நாளோடு அந்த உரிமை முடிந்துவிடும். பணத்தைக் கேட்கப் பிறகும் நேரம் இருக்கிறது. அதனால்தான் கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்குச் சட்டம் தனி. நீங்கள் ஊழியராக இருக்க வேண்டும். சொந்தப் பொறுப்பில் ஒப்பந்த வேலை செய்பவருக்கு இவற்றில் பல பொருந்தாது.

1. கடிதம் வந்த அன்றே திரட்ட வேண்டியவை

வேலை ஒப்பந்தம், விடுப்புக்கு முந்தைய மாதங்களின் ஊதியச் சீட்டுகள், கடைசியாக நடந்த பணி மதிப்பீடுகள், கர்ப்பத்தை நீங்கள் தெரிவித்த மின்னஞ்சல், கர்ப்பத்தையும் எதிர்பார்க்கப்படும் பிரசவ வாரத்தையும் உறுதிசெய்து மருத்துவச்சி தந்த மேட் பி1 சான்றிதழின் நகல், விடுப்புத் தேதிகளை உறுதிசெய்து நிறுவனம் அனுப்பிய கடிதம். இவை அனைத்தும் உங்கள் சொந்தக் கோப்பில் இருக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சல் கணக்கு எந்த நாளிலும் முடக்கப்படலாம். அதற்குப் பிறகு தேடுவது வீண்.

உங்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களையும் உங்கள் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வாடிக்கையாளர் விவரங்களையோ சக ஊழியர்களின் கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். ஆட்குறைப்புக் கடிதம் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமாக மாறுவதற்கு அது ஒன்றே போதும்.

அன்றே மனிதவளத் துறைக்கு ஒரு வரி எழுதுங்கள்: இனி எல்லாத் தகவலும் என் சொந்த மின்னஞ்சலுக்கு வர வேண்டும், உள் காலியிட அறிவிப்புகள் உட்பட. இந்த ஒரு வரி பின்னால் பெரிதாக உதவும். "காலியிடத்தை உள் இணையத்தில் போட்டோமே, அவர் பார்க்கவில்லை" என்ற சாக்கை அது அடைத்துவிடுகிறது.

வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் சட்டச் செலவுக்கான பிரிவு இருக்கும். பல தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டே, தனியாக வழக்கறிஞருக்கும் பணம் கொடுக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திடம் தொடக்கத்திலேயே தெரிவியுங்கள். தாமதித்தால் மறுக்க இடமாகும். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கத்துக்கும் அன்றே சொல்லுங்கள்.

2. பாதுகாப்புக் காலத்தைத் தேதியாக எழுதிக்கொள்ளுங்கள்

முன்பு இந்த முன்னுரிமை விடுப்புக் காலத்துக்கு மட்டும் இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2024 ஏப்ரல் 6 முதல் அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் கர்ப்பமாக இருப்பதை நிறுவனத்திடம் சொல்லும் நாளில் பாதுகாப்பு தொடங்குகிறது. குழந்தை பிறந்து 18 மாதங்கள் ஆகும்வரை தொடர்கிறது.

அந்த 18 மாதத்துக்குள் விடுப்பும் அடக்கம். குழந்தை 2026 ஜனவரி 10 அன்று பிறந்து, நீங்கள் ஒன்பது மாதத்தில் வேலைக்குத் திரும்பினாலும், 2027 ஜூலை வரை பாதுகாப்பு உண்டு. "நீங்கள்தான் திரும்பி வந்துவிட்டீர்களே, இப்போது எல்லோரையும் போலத்தான்" என்று சொல்லும் மேலாளர் பழைய சட்டத்தைப் படித்தவர்.

குழந்தை பிறந்த தேதியை விடுப்பு முடிவதற்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவித்தால் 18 மாதம் பிறந்த நாளிலிருந்து எண்ணப்படும். தெரிவிக்காவிட்டால், எதிர்பார்க்கப்பட்ட பிரசவ வாரத்திலிருந்து எண்ணுவார்கள். குழந்தை தாமதமாகப் பிறந்திருந்தால் அந்தச் சில நாட்களை இழப்பீர்கள். ஆட்குறைப்பில் சில நாட்களும் வேலையைத் தீர்மானிக்கக்கூடும்.

கர்ப்பத்தை வாய்மொழியாகச் சொன்னாலும் சட்டப்படி சொன்னதுதான். ஆனால் நிரூபிப்பது கடினம். பன்னிரண்டு வாரம் ஆகட்டும், மூன்று மாதத்துக்கு வெளியில் சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியிருந்தால் அந்த வழக்கத்தை உறவினர்களிடம் மட்டும் கடைப்பிடியுங்கள். நிறுவனத்துக்குத் தெரியாதவரை பாதுகாப்பு தொடங்காது.

கர்ப்பம் 24 வாரத்துக்கு முன் கலைந்துபோனால், அது முடிந்த நாளிலிருந்து இரண்டு வாரம் பாதுகாப்பு உண்டு. 24 வாரத்துக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தால் முழு மகப்பேறு விடுப்பும் அதோடு சேர்ந்த பாதுகாப்பும் கிடைக்கும். தத்தெடுத்தவர்களுக்கும், ஆறு வாரத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பகிர்வுப் பெற்றோர் விடுப்பு (தாயும் துணைவரும் பங்கிட்டு எடுப்பது) எடுத்தவர்களுக்கும் இதே 18 மாதக் கணக்கு உண்டு.

3. இது உண்மையான ஆட்குறைப்பா?

சட்டம் மூன்று சூழல்களைத்தான் ஆட்குறைப்பு என்று ஏற்கிறது: தொழிலே மூடப்படுகிறது, நீங்கள் வேலை செய்யும் இடம் மூடப்படுகிறது, குறிப்பிட்ட வகை வேலைக்கு ஆள் தேவை குறைந்திருக்கிறது அல்லது இல்லாமல் போயிருக்கிறது.

எனவே ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: நான் செய்த வேலைகளை இப்போது யார் செய்கிறார், இனி யார் செய்வார்? உங்கள் இடத்தில் தற்காலிகமாக வந்தவர் அதே வேலையைத் தொடர்ந்து செய்யப்போகிறார் என்றால், வேலை குறையவில்லை, ஆள்தான் மாற்றப்படுகிறார். அதற்கு ஆட்குறைப்பு என்று பெயர் வைப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி பாரபட்சமாகலாம். அந்த உரிமைக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் தேவையில்லை. சேர்ந்து நான்கு மாதம் ஆனவருக்கும் உண்டு.

வேலையின் பெயரை மட்டும் மாற்றி அதே பொறுப்புகளை வேறொருவருக்குக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. பழைய பணி விவரக் குறிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வரிகளைக் கோடிட்டுப் பாருங்கள். உணர்ச்சியோடு எழுதும் நான்கு பக்கக் கடிதத்தைவிட அந்தக் கோடுகள் வலுவானவை.

இந்தக் கட்டத்தில் சண்டை போட வேண்டாம். கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொடக்கத்திலேயே "இது பாரபட்சம்" என்று முழங்கிவிட்டால் அவர்கள் வழக்கறிஞரிடம் போய்விடுவார்கள். அதன்பின் வரும் ஒவ்வொரு பதிலும் இஸ்திரி போட்டு வரும்.

4. கலந்தாலோசனையில் உங்கள் இடத்தை விடாதீர்கள்

விடுப்பில் இருப்பவரையும் மற்றவர்களைப் போலவே கலந்தாலோசிக்க வேண்டும். "தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தோம்" என்பது ஏற்கத்தக்க பதில் அல்ல. 90 நாட்களுக்குள் நிறுவனத்தின் ஒரே வேலைத்தளத்தில் 20 பேர் முதல் 99 பேர் வரை நீக்கும் திட்டம் என்றால், முதல் நீக்கத்துக்கு 30 நாள் முன்பே ஊழியர் பிரதிநிதிகளோடு கூட்டுக் கலந்தாலோசனை தொடங்க வேண்டும். 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள். அதைவிடக் குறைவானவர்கள் என்றாலும் உங்களோடு தனித்தனியாகப் பேசத்தான் வேண்டும்.

கூட்டத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. காணொளி வழியாகவோ, குழந்தை தூங்கும் நேரத்திலோ நடத்தக் கேளுங்கள். பிரசவமான முதல் இரண்டு வாரம் கட்டாய விடுப்பு. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு நான்கு வாரம். அப்போது கூட்டம் வைத்தால், ஒத்திவைக்கச் சொல்லி எழுதுங்கள்.

விடுப்பின்போது பத்து நாட்கள் வரை வேலை செய்தாலும் மகப்பேற்று ஊதியம் பாதிக்கப்படாது என்ற ஏற்பாடு இருக்கிறது. கூட்டத்தை அந்த நாட்களில் ஒன்றாகக் கணக்கிட்டு ஊதியம் தருவார்களா என்று கேட்கலாம். ஆனால் பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் அந்த வாரத்துக்கான மகப்பேற்று ஊதியம் போய்விடும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு அன்று மாலையே, "இன்று நாம் பேசியது இவை" என்று சுருக்கமான மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் மறுக்காவிட்டால் பின்னால் அதுவே பதிவாக நிற்கும்.

5. மதிப்பெண் போடும் முறையைப் பாருங்கள்

ஒரே வேலையைச் செய்யும் பலரில் சிலரை மட்டும் நீக்குவதென்றால், நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியல் போடும். விடுப்பால் வேலைக்கு வராத நாட்களை வருகைக் குறைவாகக் கணக்கிடக் கூடாது. விடுப்பு ஆண்டின் விற்பனை எண்களைப் பார்த்து உங்களைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. விடுப்புக்கு முந்தைய உண்மையான காலத்தை எடுத்து மதிப்பிட வேண்டும்.

அதே சமயம், உங்களுக்கு முழு மதிப்பெண்ணைத் தானாகவே போட வேண்டும் என்று கேட்காதீர்கள். எவர்ஷெட்ஸ் சட்ட நிறுவனம் தொடர்பான 2011ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் இதுதான் நடந்தது. விடுப்பில் இருந்த பெண்ணுக்கு ஓர் அளவுகோலில் நிறுவனம் அதிகபட்ச மதிப்பெண் போட்டது. அதனால் அரை மதிப்பெண்ணில் வேலையிழந்த ஆண் ஊழியர் வழக்குப் போட்டு வென்றார். அளவுக்கு மீறிய சலுகையும் சட்டத்தின் முன் நிற்காது.

உங்கள் மதிப்பெண்களையும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக எடுத்த ஆவணத்தையும் கேளுங்கள். தர மறுத்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கோரலாம். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். "என்னைப் பற்றிய எல்லாமே" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். இன்னின்ன மேலாளர்கள், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, ஆட்குறைப்புத் தேர்வு தொடர்பான மின்னஞ்சல்கள் என்று குறுக்கிக் கேளுங்கள்.

6. காலியிடம்: உங்கள் முழுக் கவனமும் இங்கே

1999ஆம் ஆண்டு மகப்பேறு மற்றும் பெற்றோர் விடுப்பு விதிகளின் 10ஆம் விதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதவளத் துறைக்கு எழுதும்போது அந்த எண்ணைச் சொல்லியே எழுதுங்கள். பாதுகாப்புக் காலத்தில் உங்கள் பணியிடம் நீக்கப்பட்டு, பொருத்தமான காலியிடம் இருந்தால், நிறுவனம் அதை உங்களுக்கு வழங்கியே ஆக வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லக் கூடாது. போட்டி நேர்காணலில் உட்கார வைக்கக் கூடாது. உங்களைவிடத் தகுதியானவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் காரணமாகாது. நிறுவனத்தில் மட்டுமல்ல, அதோடு இணைந்த துணை நிறுவனங்களில் உள்ள காலியிடங்களும் இதில் சேரும்.

வழங்காமல் வேலையை விட்டு நீக்கினால், அந்த நீக்கம் தானாகவே நியாயமற்றது என்று கருதப்படும். இதற்கும் குறைந்தபட்சப் பணிக்காலம் இல்லை.

பொருத்தமானது என்றால் என்ன? வேலை உங்களுக்கு ஏற்றதாகவும், அந்தச் சூழலில் நீங்கள் செய்யத்தக்கதாகவும் இருக்க வேண்டும். பதவி நிலை, இடம், நிபந்தனைகள் ஆகியவை பழைய வேலையைவிடக் கணிசமாக மோசமாக இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே பார்க்கப்படும். உங்களைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை வைத்து நிறுவனமே இதை முதலில் முடிவுசெய்கிறது. பலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று நிறுவனத்துக்குத் தெரியும் என நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். முந்தைய வேலைகளில் செய்தவை, பெற்ற சான்றிதழ்கள், இடம் மாற முடியுமா, எந்தப் பிரிவுகளில் வேலை செய்யத் தயார் என எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஊரில் வங்கியில் ஐந்து ஆண்டு வேலை செய்துவிட்டு இங்கே வாடிக்கையாளர் சேவையில் சேர்ந்தவர் என்றால், அந்த ஐந்து ஆண்டையும் எழுதுங்கள். நீங்கள் சொல்லாததை அவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை.

பிறகு மூன்று வரியில் மின்னஞ்சல். எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இது: "என் பணியிடம் ஆட்குறைப்பில் இருப்பதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். 10ஆம் விதியின்படி, நிறுவனத்திலும் இணைந்த நிறுவனங்களிலும் இன்றுள்ள காலியிடங்களின் பட்டியலையும், என் கடைசி நாள்வரை புதிதாக வருபவற்றையும் எனக்கு அனுப்ப வேண்டும். பொருத்தமானது எதுவோ அதைப் போட்டியின்றி எனக்கு வழங்குமாறு கேட்கிறேன்." வாரம் ஒருமுறை இதையே நினைவூட்டலாம். நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தை நீங்களும் பாருங்கள். தேதியோடு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்த அறிவிப்பு காணாமல் போகலாம்.

காத்திருந்து பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. செஃப்டன் நகராட்சி தொடர்பான 2014ஆம் ஆண்டு மேல்முறையீடு இதைத் தெளிவாக்கியது. இரண்டு பணியிடங்களை நீக்கிவிட்டு ஒரே புதிய பதவியை உருவாக்கினார்கள். விடுப்பில் இருந்த பெண்ணையும் இன்னொரு ஊழியரையும் நேர்காணல் செய்து, அந்த இன்னொருவருக்கே பதவியைக் கொடுத்தார்கள். பழைய பணியிடம் நீக்கப்படும் நிலை உருவான உடனேயே முன்னுரிமை தொடங்கிவிடுகிறது, நேர்காணல் முடியும்வரை அது காத்திருப்பதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஆகவே புதிய அமைப்பு வரைபடம் வெளியான நாளிலேயே எழுதுங்கள்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கார்னிவல் கப்பல் நிறுவனம் தொடர்பான 2024ஆம் ஆண்டு மேல்முறையீட்டில், ஒரே வகையான 21 குழுத்தலைவர் பணியிடங்களை 16 ஆகக் குறைத்தார்கள். எஞ்சிய 16 இடங்களும் காலியிடங்கள் அல்ல, ஏற்கெனவே ஆள் இருப்பவை என்று தீர்ப்பானது. அதாவது ஒரே வேலையைச் செய்பவர்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், 10ஆம் விதியைக் காட்டி உள்ளே இருந்துவிட முடியாது. அங்கே 5ஆம் படியில் சொன்ன மதிப்பெண்தான் போராட்டக் களம். பழைய பதவிகள் போய்ப் புதிய பதவிகள் உருவாகும்போதோ, வேறு காலியிடம் இருக்கும்போதோதான் முன்னுரிமை வேலை செய்கிறது. உங்கள் வழக்கு இந்த இரண்டில் எது என்பதை முதல் வாரத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் என்ன செய்வது? போங்கள். ஆனால் முந்தைய நாளே எழுதிவிடுங்கள்: "நான் கலந்துகொள்வதால் என் முன்னுரிமையை விட்டுக்கொடுத்ததாகாது." போகாமல் இருந்துவிட்டால் ஆர்வமில்லை என்று சொல்வார்கள், எழுதாமல் போனால் ஒப்புக்கொண்டார் என்பார்கள்.

பாதுகாப்பில் உள்ள இரண்டு பெண்களுக்கு ஒரே காலியிடம்தான் இருக்கிறது என்றால், அந்த இருவருக்குள் யாரென்று நிறுவனம் நியாயமாகத் தேர்வு செய்யலாம். மற்ற எல்லோருக்கும் முன் நீங்கள் இருவரும்தான்.

7. மாற்றுவேலை தந்தால்

புதிய ஒப்பந்தம் பழைய வேலை முடிவதற்குள் வழங்கப்பட வேண்டும்; இடைவெளியின்றித் தொடங்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் உடனே வேலைக்கு ஓட வேண்டியதில்லை. மீதமுள்ள விடுப்பை முடித்துவிட்டே திரும்பலாம்.

நிபந்தனைகள் மாறினால் நான்கு வாரச் சோதனைக் காலம் உண்டு. அதற்குள் பொருந்தவில்லை என்று நியாயமான காரணத்தோடு விலகினால் ஆட்குறைப்புத் தொகை போகாது. விடுப்பில் இருக்கும்போதே அந்த நான்கு வாரம் ஓடிவிடும் அபாயம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து சோதனைக் காலத்தை எண்ணுவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொருத்தமான வேலையைக் காரணமின்றி மறுத்தால் சட்டப்படியான ஆட்குறைப்புத் தொகையை இழக்க நேரிடும். "வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். பயண நேரம், இரவுப் பணி, ஊதியக் குறைவு என எது தடையோ அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

8. இப்போது பணக் கணக்கு

நான்கு வெவ்வேறு தொகைகள் உண்டு. ஒன்றோடொன்று குழப்பக் கூடாது.

முதலாவது மகப்பேற்று ஊதியம். பிரசவம் எதிர்பார்க்கப்படும் வாரத்துக்கு முந்தைய 15ஆம் வாரம் தொடங்கியபோது நீங்கள் வேலையில் இருந்து, மற்றத் தகுதிகளும் இருந்தால், அதன்பின் வேலை போனாலும் முழு 39 வாரமும் தர வேண்டும்: முதல் ஆறு வாரம் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம், பிறகு 33 வாரம் நிலையான தொகை. "வேலை முடிந்தது, ஊதியமும் முடிந்தது" என்று கணக்குப் பிரிவு சொன்னால் அது தவறு. நிறுவனம் திவாலானால் வருவாய்த் துறை அதைத் தரும். ஆனால் குழந்தை பிறந்த பிறகு, அந்த 15ஆம் வாரத்தில் உங்களை வேலைக்கு வைத்திராத புதிய நிறுவனத்தில் சேர்ந்தால் இது நின்றுவிடும். புதிய வேலையின் தொடக்க நாளை அதற்கேற்பப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சட்டப்படியான ஆட்குறைப்புத் தொகை. இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலை வேண்டும். விடுப்புக் காலமும் வேலைக் காலம்தான். 22 வயதுக்குக் குறைந்த ஆண்டுகளுக்கு அரை வார ஊதியம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 வயது முதல் ஒன்றரை வாரம். அதிகபட்சம் 20 ஆண்டுகள். வார ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரல் 6 அன்று தொடங்கிய ஆண்டுக்கு அது 719 பவுண்டு. ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். 32 வயது, ஆறு முழு ஆண்டு வேலை, வாரம் 650 பவுண்டு என்றால் 3,900 பவுண்டு. வார ஊதியம் என்பது விடுப்புக்கு முந்தைய வழக்கமான ஊதியம். மகப்பேற்று ஊதியத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது.

மூன்றாவது முன்னறிவிப்புக் கால ஊதியம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சட்டம் கேட்கும் முன்னறிவிப்பு, இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு வாரம், அதிகபட்சம் 12 வாரம். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பும் அதே அளவு என்றால், விடுப்பில் இருந்தாலும் முழு ஊதியம் உண்டு. அந்த வாரங்களுக்கான மகப்பேற்று ஊதியத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்த முன்னறிவிப்பு சட்டப்படியானதைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ நீண்டதாக இருந்தால் இந்த உரிமை இல்லை. தாராளமான ஒப்பந்தம் வைத்திருப்பவர் குறைவாகப் பெறுகிறார். இருந்தாலும் கேளுங்கள்; பல நிறுவனங்கள் கேட்டால் கொடுத்துவிடுகின்றன.

நான்காவது எடுக்காத ஆண்டு விடுமுறை. மகப்பேறு விடுப்பின்போதும் ஆண்டு விடுமுறை சேர்ந்துகொண்டே இருக்கும். கடைசி நாளில் அதற்கான பணம் தர வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

9. செட்டில்மென்ட் ஒப்பந்தம் நீட்டினால்

"கூடுதல் தொகை தருகிறோம், கையெழுத்திடுங்கள்" என்று வந்தால், அதில் கையெழுத்திட்ட பிறகு வழக்குப் போட முடியாது. சுதந்திரமான சட்ட ஆலோசனை பெறாமல் அது செல்லாது. ஆலோசனைக் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனமே வழக்கமாகத் தரும். யோசிக்கக் குறைந்தது பத்து நாள் தர வேண்டும் என்கிறது, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் பொது அமைப்பான ஏகாஸின் (Acas) நெறிமுறை. வெள்ளிக்கிழமைக்குள் என்று அவசரப்படுத்துவது பேரத் தந்திரம்.

கையெழுத்திடுமுன் மூன்றைப் பாருங்கள். மகப்பேற்று ஊதியம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது "எல்லாம் சேர்த்து" என்ற தொகைக்குள் விழுங்கப்பட்டிருக்கிறதா? ஆட்குறைப்புக்கான தொகையில் முதல் 30,000 பவுண்டுக்கு வரி இல்லை. விடுமுறைப் பணத்துக்கும் முன்னறிவிப்புப் பணத்துக்கும் வரி உண்டு. அவை சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா? அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தின் வாசகம் இணைக்கப்பட்டிருக்கிறதா?

6ஆம் படியை முடிக்காமல் இங்கே வந்தால் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. எழுத்தில் கேட்டும் தராத ஒரு காலியிடம் பதிவில் இருந்தால், தொகை தானாகவே உயரும்.

10. திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவருக்கு

மேலே சொன்ன உரிமைகள் குடியுரிமையைச் சார்ந்தவை அல்ல. மகப்பேற்று ஊதியம் பொதுநிதி உதவியாகக் கருதப்படாது. அதைப் பெற்றால் விசா பாதிக்கும் என்ற பயம் தேவையற்றது.

வேலை முடிந்தால் நிறுவனம் பத்து வேலைநாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்கும். அதன்பின் உள்துறை வழக்கமாக விசாக் காலத்தை 60 நாளாகக் குறைத்துக் கடிதம் அனுப்பும். மீதம் அதைவிடக் குறைவாக இருந்தால் உள்ள காலமே. உங்களைச் சார்ந்து விசா பெற்ற கணவருக்கும் குழந்தைகளுக்கும் அதே நிலைதான். ஆகவே பணத்தைக் கூட்டிக் கேட்பதைவிட, கடைசி நாளைத் தள்ளிப்போடக் கேட்பது பல சமயம் மதிப்பு வாய்ந்தது. முன்னறிவிப்புக் காலத்தைப் பணமாக வாங்கிக்கொண்டு உடனே வெளியேறாமல், அதை முழுதாக ஓட விடச் சொல்லுங்கள்.

அதே நிறுவனத்தில் மாற்றுவேலை கிடைத்தாலும், தொழில் குறியீடு மாறினால் புதிய விசா விண்ணப்பம் வேண்டியிருக்கும். ஏற்கும்முன் இதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். கணவரின் விசாவைச் சார்ந்து நீங்கள் இருப்பவர் என்றால் இந்தப் படி உங்களுக்கு இல்லை.

11. மேல்முறையீடு, ஏகாஸ், தீர்ப்பாயம்

கர்ப்பத்திலோ மகப்பேறு விடுப்பிலோ இருக்கும்போது நீக்கினால், நீங்கள் கேட்காமலேயே எழுத்தில் காரணம் தர வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்குங்கள். அவர்கள் பின்னால் காரணத்தை மாற்றினால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் மேல்முறையீடு நடப்பதால் கெடு நிற்காது. நல்ல வழக்குகள் பல வீணானது இதனால்தான். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான காலக்கெடு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. கடைசி நாள் மார்ச் 31 என்றால், ஜூன் 30க்குள் ஏகாஸ் அமைப்பிடம் முன்சமரசத்துக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தால் கடிகாரம் நிற்கும். சமரசம் கைகூடாவிட்டால் சான்றிதழ் தருவார்கள். அதில் உள்ள எண் இல்லாமல் வழக்குப் படிவம் ஏற்கப்படாது.

ஆட்குறைப்புத் தொகை மட்டும் வரவில்லை என்றால் அதற்கு ஆறு மாதம் உண்டு. 2025ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் மற்றக் கெடுக்களையும் ஆறு மாதமாக நீட்டுகிறது. ஆனால் அந்தப் பிரிவு உங்கள் தேதிக்கு நடைமுறையில் இருக்கிறதா என்று ஏகாஸிடம் கேட்காமல் ஆறு என்று எண்ணாதீர்கள். மூன்று என்று வைத்து ஓடுவதில் நட்டமில்லை.

வழக்குப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. அதில் கோரிக்கைகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்: 10ஆம் விதியை மீறியதால் தானாகவே நியாயமற்ற நீக்கம், மகப்பேறு காரணமான பாரபட்சம், தரப்படாத தொகைகள். 10ஆம் விதியை மீறினார்கள் என்பதாலேயே பாரபட்சமும் நிரூபணமாகிவிடாது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். பாரபட்சத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை என்பதால் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

இலவச உதவிக்கு ஏகாஸ் உதவி எண், சிட்டிசன்ஸ் அட்வைஸ், மெட்டர்னிட்டி ஆக்‌ஷன், உங்கள் பகுதியின் சட்ட மையம் ஆகியவற்றை அணுகலாம். போகும்போது கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்காதீர்கள். தேதிவாரியாக ஒரு பக்கம், கீழே காலியிடங்களின் பட்டியல், அதோடு 6ஆம் படியில் அனுப்பிய மின்னஞ்சல். கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஆலோசகர் அதைத்தான் முதலில் தேடுவார்.

விசாரணையில் ஆங்கிலத்தில் சாட்சி சொல்லத் தயக்கம் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே குறித்துத் தமிழ் என்று எழுதுங்கள். தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும், செலவு உங்களுடையதல்ல. அலுவலகத்தில் தினமும் ஆங்கிலம் பேசுபவர்கூடக் குறுக்கு விசாரணையில் திணறுவதுண்டு. உறவினரை அழைத்துவந்து மொழிபெயர்க்க அனுமதிக்க மாட்டார்கள்.